ஏறியவர் பெயர்

ஜமுனாமரத்தூரில் மாலைப் பனி இறங்குகிறது. கிளம்பக் காத்திருக்கும் பஸ்ஸின் பின்சீட்டில் கோகிலவாணி தான் நடத்தும் பஸ் பயணிகள் வாட்ஸ்அப் குழுவின் விதிகளைத் திருத்துகிறாள். அடிக்கிற புருஷனை விட்டு வந்து மூன்று மாதமான காவியா, முக்காட்டை இறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். யார் ஏறினார்கள், எங்கே இறங்குவார்கள் என்று அந்தக் குழுவில் போடுவது வழக்கம். அதைப் பார்த்து வீட்டார் டார்ச்சோடு எதிரே வருவார்கள். அதே நல்லெண்ணத்தில்தான் முன்சீட்டில் இருக்கும் ரஞ்சித் சற்றுமுன் காவியாவின் பெயரையும் இறங்கும் ஊரையும் போட்டான்.

“நம்பரு, போட்டோ போடக்கூடாதுன்னுதானக்கா இருக்குது? நான் பேரைத்தான போட்டேன்?” அவன் திரும்பிக் கேட்கிறான். அந்த விதியை எழுதியவள் கோகிலவாணிதான். பதிவை அழித்தாயிற்று. ஆனால் அதற்குள், குழுவில் இருக்கும் காவியாவின் நாத்தனார் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டாள். ‘ஒருவர் எங்கே போகிறார் என்பதை அவர் சம்மதமில்லாமல் போடுவதும் மீறல்’ என்று கோகிலவாணி புது விதியைத் தட்டுகிறாள். ‘எங்கே’ மட்டும் போதுமா? ‘எப்போது’ என்பதையும் சேர்க்கிறாள். பஸ் உறுமிக் கிளம்ப, ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது.

“அது கெடக்கட்டும்க்கா,” என்கிறாள் காவியா, இருட்டும் சாலையைப் பார்த்தபடி. “இன்னிக்கி நான் எங்க எறங்கறது?”