வாளிக்குள் நாலு மீன்

“பிடிங்க அந்தம்மாவை! வாளியோட பிடிங்க!”

ராஜ்குமார் போட்ட சத்தத்தில் ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏரிக் காவலாளி கோவிந்தப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். எதிர்க்கரையில், ஈரச் சாக்கு போட்டு மூடிய வாளியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். ஓடவெல்லாம் இல்லை. வாளியை மட்டும் காலுக்குப் பின்னால் நகர்த்தினாள்.

ராஜ்குமார் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தளி ரோட்டுப் பக்கம் இருக்கும் இந்த ஏரிக்கு வந்துவிடுவான். சும்மா இல்லை, இருநூறு ரூபாய் கட்டி ஒருநாள் தூண்டில் சீட்டு வாங்கி, அதை நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி சட்டைப் பையில் செருகிக்கொள்வான். அந்தச் சீட்டு முறையே அவனும் அவன் கூட்டாளிகளும் மனு மேல் மனு போட்டுக் கொண்டுவந்ததுதான். ஏரியில் மீன் அழிந்துவிடக் கூடாதாம், அவ்வளவு அக்கறை!

காவலாளிக்குப் பின்னாலேயே எதிர்க்கரைக்கு வந்த வேகத்தில் சாக்கை உருவினான். உள்ளே நாலு மீன். ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குக் குறையாது.

“அடேங்கப்பா! சீட்டு எங்கம்மா?”

“சீட்டெல்லாம் இல்லய்யா. நான் மீனே பிடிக்க...”

“வாயை மூடு! கையும் களவுமா மாட்டிக்கிட்டு என்ன பேச்சு? பேரு என்ன?”

“பேச்சியம்மாள்.”

கோவிந்தப்பன் மெதுவாக ராஜ்குமாரை ஓரங்கட்டினார். “சார், கோவில்பட்டிப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்தவங்க. கம்பெனியில கூட்டிப் பெருக்குறாங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்க வேற. இந்த ஒருவாட்டி உட்டுடலாங்க சார்.”

ராஜ்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விடுறதா? அப்ப காசு கட்டுற நான் என்ன கேணையனா? நான் பிடிக்கிற மீனை என்ன பண்றேன்? ஒரு போட்டோ எடுத்துட்டு அப்படியே தண்ணியில விட்டுடறேன். இதுவரைக்கும் இந்த ஏரியில ஒரு மீனைக்கூட நான் கொன்னதில்ல. இவங்க வாளி வாளியா அள்ளிட்டுப் போவாங்க, நீங்க பாவம் பார்ப்பீங்களா? ரெண்டாயிரம் அபராதம் போடுங்க. இல்லன்னா உங்க மேலயும் சேர்த்து எழுதிக் கொடுப்பேன்!”

கோவிந்தப்பன் பெருமூச்சு விட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

பேச்சியம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ரெண்டாயிரத்துக்கு நான் எங்கய்யா போவேன்? கேசு கீசுன்னு ஆனா காண்ட்ராக்டர் கேட்டுக்குள்ளயே விடமாட்டாரு. என் பொழப்புல மண்ணப் போட்டுராதீக. நான் சொல்றதக் கொஞ்சம்...”

“அழுது ஆகாத்தியம் பண்ணினா சட்டம் மாறிடாது. எழுதுங்க நீங்க!”

எழுதிக்கொண்டே வந்த கோவிந்தப்பன் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“சார், இதுல ‘எதைக் கொண்டு பிடித்தது’ன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. வலையா, தூண்டிலான்னு எழுதணும். இல்லன்னா ஆபீசுல ரசீதைத் திருப்பி அனுப்பிடுவாங்க.”

“வலை எங்கம்மா?”

“எங்கிட்ட வலை ஏதுய்யா?”

“அப்ப மீன் தானா ஏறிவந்து வாளிக்குள்ள குதிச்சுதா?”

பதிலுக்குக் காத்திராமல் அவனே தேடக் கிளம்பினான். விலையுயர்ந்த ஷூ சேற்றில் புதையப் புதைய, கோரைப்புல்லை விலக்கிப் பார்த்தான். கருவேலம் புதருக்குள் கையை விட்டு முள் கிழித்துக்கொண்டான். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. திரும்பி வரும்போது கோபம் தலைக்கேறியிருந்தது.

“எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கா. மீனைப் பாருங்க, வலைத்தழும்பு இருக்கும்!”

கோவிந்தப்பன் ஒரு மீனைத் தூக்கினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வாயைப் பிளந்து பார்த்தார். மேலுதடு கிழிந்திருந்தது. அடுத்த மீனுக்கும் அப்படித்தான்.

“தூண்டில்!” ராஜ்குமார் துள்ளிக் குதித்தான். “பார்த்தீங்களா? தூண்டில்னு எழுதுங்க! இப்ப என்ன சொல்றா கேளுங்க!”

கோவிந்தப்பன் எழுதவில்லை. மூன்றாவது மீனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாலில் பாதி இல்லாத கட்லா.

“சார்...” என்றார் தயங்கியபடி. “இந்த அரைவாலு கட்லா... காலையில உங்க கையில இருந்துச்சே? நான்தானே சார் போட்டோ எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சம் சரியில்லன்னு மூணுவாட்டி எடுக்கச் சொன்னீங்க.”

ராஜ்குமார் மீனைப் பார்த்தான்.

இந்த முறை பேச்சியம்மாளை யாரும் குறுக்கே மறிக்கவில்லை. அவள் குரலில் அழுகை போய்விட்டிருந்தது.

“எடை போடணும்னு கொக்கியில தொங்க விடுதீக. அளக்கணும்னு வெயில்ல கிடத்துதீக. அப்புறம் போட்டோ. கடைசியில தண்ணியில விட்டா பொழைக்குமாய்யா? கொஞ்ச தூரம் நீந்தும், அம்புட்டுதான். காத்து இந்தக் கரைக்குத் தள்ளிட்டு வரும்.”

வாளியைத் தூக்கி அவன் காலடியில் நங்கென்று வைத்தாள்.

“வலையுமில்ல, தூண்டிலுமில்லய்யா. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நீங்க கொன்னு போடுறதத்தான் எம்பிள்ளைகளுக்குக் கொழம்பு வைக்கேன்.”