பிளேன்காரன் கை காட்டுனான்

விமானம் ஓடத் தொடங்கியதும் மாயக்காள் ஜன்னல் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

மதராசில் வேலை பார்க்கும் மகன் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான். ஆனால் அவளுக்கு இன்று மதராசும் பெரிதில்லை, பேரப்பிள்ளையும் பெரிதில்லை. பக்கத்தில் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புருசன் சோணையின் வாயை அடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சண்டைக்காலத்தில் பட்டாளத்துக்காகப் போட்ட விமானதளம் இது. மாயக்காள் அப்போது புதுப்பெண். வேலிக்கு அந்தப்புறம் கடலைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே தாழப் பறந்த விமானத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரன் அவளுக்குக் கை காட்டினான். அவளும் பதிலுக்குக் காட்டினாள்.

அதை வீட்டுக்கு வந்து சொன்னதுதான் வம்பாகப் போயிற்று.

மேலே போகிறவன் கண்ணுக்குக் கீழே நிற்கிற நீ தெரிவாயாக்கும் என்று சோணை அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவர், நாற்பது வருசமாக நிறுத்தவில்லை. பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வீட்டில் யார் புளுகினாலும் "பிளேன்காரன் கை காட்டுனான்" என்பார்கள். கட்டிக்கொடுத்த வீட்டில் மகளும் அப்படித்தான் சொல்கிறாளாம்.

அதனால்தான் மாயக்காள் தன் தங்கச்சி ஜெயக்கொடியை அதே காட்டில் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். சிவப்புச் சேலை கட்டிக்கொள், பிளேன் வந்ததும் ரெண்டு கையையும் ஆட்டு என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

சக்கரம் தரையை விட்டது.

வேலி போனது. பனைகள் போயின. கடலைக் காடு வந்தது.

பச்சைக்கு நடுவே சிவப்பு.

ரெண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தன. தங்கச்சி ஆடிய ஆட்டத்தில் முந்தானை நழுவியதுகூடத் தெரிந்தது.

மாயக்காளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சோணையின் பிடரியில் கைவைத்து இழுத்து, அவர் முகத்தை ஜன்னலில் வைத்து அழுத்தினாள்.

"தெரியுறாளா? இப்பவாச்சும் ஒத்துக்கங்க."

சோணை பார்த்தார். காடு பின்னால் போய், ஊர் சிறுத்து, எல்லாம் புகையாகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். எதிர் வரப்புலதான் வந்துக்கிட்டிருந்தேன்," என்றார், ஜன்னலை விட்டுத் திரும்பாமல். "கலியாணமாகி மூணு மாசம் ஆச்சு. அந்தப் பிளேன்காரனப் பாத்துச் சிரிச்சியே ஒரு சிரிப்பு, அதுவரைக்கும் என்னயப் பாத்து நீ அப்படிச் சிரிச்சதே இல்ல."