நாற்பத்திரண்டு ஸ்டேஷன்

“பாசஞ்சர் வண்டியாம்மா? அது ஊர்ந்து போய்ச் சேர இருபத்தேழு மணி நேரமாகும். எக்ஸ்பிரஸ்ல ஒன்பதே மணி நேரம்,” என்றார் டிக்கெட் கவுன்ட்டர்க்காரர்.

“எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற வண்டிதான் வேணும் தம்பி. ஜன்னல் சீட்டு,” என்றார் அறுபதைத் தொட்ட அந்த அம்மா.

“அங்க யாரைப் பார்க்கப் போறீங்க?”

“யாரையும் இல்ல. இறங்கிட்டு அடுத்த வண்டியில திரும்பிடுவேன்.”

“வழியில நாற்பத்தொரு ஸ்டேஷன்மா. அலுத்துப் போயிடும்.”

“நாற்பத்திரண்டு.”

அந்த அம்மா முதல் ஸ்டேஷனிலிருந்து கடைசி வரை மளமளவென்று ஒப்பித்தார். கவுன்ட்டர்க்காரர் கால அட்டவணையை எடுத்துச் சரிபார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

“அடேங்கப்பா! இந்த வழியில எத்தனை தடவை போயிருக்கீங்க?”

“ஒரு தடவைகூடப் போனதில்ல.”

அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது. ஓர் இளம் பெண் குரல் அதே ஊர்களை அதே வரிசையில் சொல்லத் தொடங்கியது. கூடவே அந்த அம்மாவின் உதடுகளும் அசைந்தன. கவுன்ட்டர்க்காரர் ஸ்பீக்கரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“இருபத்துமூணு வயசுல, ஜன்னலே இல்லாத ரூம்ல உட்கார வெச்சு என் குரலைப் பதிவு பண்ணாங்க. ஒவ்வொரு பேரைச் சொல்லும்போதும் அந்த ஊர் எப்படி இருக்கும்னு நினைச்சுக்குவேன். அப்புறம் கல்யாணம், குழந்தைங்க... ஊரையே தினம் வழியனுப்பறேன். நான்தான் இன்னும் கிளம்பல.”

கவுன்ட்டர்க்காரர் ஜன்னல் சீட்டுக்கு டிக்கெட் அடித்து நீட்டினார்.

“எந்த பிளாட்பாரம்னு ஸ்பீக்கர்ல சொல்லுவா...” என்று ஆரம்பித்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சொல்றேன்,” என்று சிரித்தார் அந்த அம்மா.