212-ஆம் நம்பரோட கடைசி நாள்

எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி திருச்செல்வத்துக்கு என்னைக் கண்டாலே இளப்பம். "யூடியூப் பாத்துப் படிச்சவன்லாம் ப்ரோகிராமராம்லா. இதுக்கா ஜொகூர்லேர்ந்து வந்த?" ஒத்த விரல்ல டைப் அடிக்கிற மனுஷன் சொல்றாரு.

மார்ச்சுல செத்துப்போன கொர்னேலியஸோட சம்சாரம் ஃப்ளோரா எதிர்ல நின்னாங்க. அவரு கடைசியா வேல செஞ்ச நாள்லேர்ந்து ஆறு மாசம்தான் எஸ்டேட் குடுத்த லயத்து வீட்டுல இருக்கலாம். இது செப்டம்பர்.

டேட்டாபேஸ்ல ஒரு நாளைக்கு, ஒரு வேலக் கூட்டத்துக்கு, ஒரு வரி. அன்னிக்குக் கைரேகை வச்சவங்க நம்பரெல்லாம் அந்த வரியில ஒரே கட்டத்துக்குள்ள இருக்கும். எந்தெந்த வரியில கொர்னேலியஸோட நம்பர் 212 இருக்குன்னு கேட்டேன். கடைசி தேதி இன்னிக்குன்னு வந்துச்சு.

"மடையா, 2120-ஐயும் சேத்துப் புடிச்சிருப்ப."

"எழுத்தா தேடுனாதான் அப்படி வரும் கிராணி. இது முழு நம்பரா ஒப்பிட்டுப் பாக்குது."

கிராணி அந்தக் கூட்டத்த மேய்க்கிற மண்டோர் சோமுவுக்குப் போன் போட்டாரு. இன்னிக்குக் கூட்டத்துல ஆறு பேருதானாம். வரியில ஏழு நம்பர் இருந்துச்சு.

"தூக்குடா அத."

212-ஐ அழிச்சிட்டுத் திரும்பக் கேட்டேன். திரும்பவும் இன்னிக்குத் தேதிதான் வந்துச்சு.

ஃப்ளோரா பைய எடுத்துக்கிட்டாங்க. "அப்ப வீடு இருக்கட்டும். மழ வந்தா மட்டும் அவரச் சீக்கிரம் அனுப்பிருங்க கிராணி. ராத்திரியெல்லாம் இருமுறாரு."