ஒருவருமே இல்லாத தீவு

பெருச்சாளியும் அணிலும் தென்னம்பாளை ஓடத்தில் துடுப்புப் போட்டுச் சென்று, கடலோர மணல்தீவொன்றில் கூடாரம் அடித்தன.

"பார்த்தாயா தம்பி, ஒருவருமே இல்லாத தீவு!" என்று பூரித்தது பெருச்சாளி.

"நான் இருக்கிறேனே, ஐயா! உங்கள் கூடாரம் என் வளையின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது," என்றது நண்டு.

"உன்னையெல்லாம் யார் கணக்கில் சேர்த்தது?" என்று சிரித்தது அணில்.

"போகட்டும், ஓடத்தையாவது மேட்டில் ஏற்றுங்கள். மாலையில் கடல் ஏறும்."

"ஆளில்லாத இடத்திலும் யோசனை சொல்ல ஆளா!" என்று சலித்துக்கொண்டு படுத்தது பெருச்சாளி.

மாலையில் கடல் ஏறி, ஓடத்தை இழுத்துக்கொண்டு போனது. கூடாரத்தைச் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்தது.

"ஐயோ, மேடு எந்தப் பக்கம்? இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று இரண்டும் அலறின.

மேட்டில் புதிதாகத் தோண்டிய வளையிலிருந்து நண்டு பணிவுடன் பதிலளித்தது:

"ஒருவருமே இல்லை, ஐயா."