பாய்மர நிழல்

கப்பல் வேலையை விட்டு வந்த சத்தியப்பிரியா வாங்கிய பழைய பாய்மரப் படகு, ஒக்கூர்ப் பொட்டலில் முட்டுக்கட்டைகள் மேல் நின்றது. மறுநாள் லாரியில் ஏற்றித் தொண்டிக்குக் கொண்டுபோய்க் கடலில் இறக்க வேண்டும். அதற்குள் சோலார் மாட்டி முடிக்கச் சேவுகப்பெருமாள் காரைக்குடியிலிருந்து வந்திருந்தார். ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட்டதோடு சரி, அவர் கடலில் படகேறியதில்லை. மொட்டைமாடியில் மாட்டுகிற வேலைதானே என்று ஏணி வைத்து ஏறினார். பேட்டரிகளை அடித்தட்டில் அசையாமல் இறுக்கினார். மேல்தளத்தில் பேனல்களைப் பதித்து ஒயரைக் கொடுத்தார்.

உச்சி வெயில். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் மீட்டரில் கரண்ட் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. ஒயரை மாற்றினார், மீட்டரையும் மாற்றினார். அதே ஆட்டம்.

"மேடம், கொஞ்சம் மேல வாரீகளா? பேனல்ல ஏதோ நெழல் விழுந்து விழுந்து போற மாதிரி காட்டுது."

சத்தியப்பிரியா ஏறிவந்து மீட்டரையே சற்று நேரம் பார்த்தார்.

"அலையில படகு ஆடுனா பாய்மரத்து நெழல் இப்படித்தாண்ணே பேனல் மேல போயிட்டுப் போயிட்டு வரும்."

"பாய்மரத்த இன்னும் நாட்டவே இல்லையே மேடம்!"

அது வேலியோரம் நீளமாகப் படுத்துக் கிடந்தது.

வேறு மீட்டர் எடுத்துவரலாம் என்று சேவுகப்பெருமாள் ஏணியில் இறங்கினார். காலை ஊன்றியதும் ஒக்கூர் மண் மெல்ல ஏறியது, இறங்கியது.

"ஏணியைப் பிடிச்சுக்கங்கண்ணே," என்றார் மேலிருந்து சத்தியப்பிரியா, மீட்டரிலிருந்து கண்ணெடுக்காமல். "கடல்ல இருந்து எறங்குனா கொஞ்ச நேரம் தரை ஆடத்தான் செய்யும்."