ஜப்பான் துப்பாக்கிக்கு இருபது தோட்டா

“இந்த வருஷமும் ஒரு காலித் தோட்டாக் கூடுகூடத் திரும்பி வரலையா?” இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள் வெர்லா.

“பனியில விழுந்துடுச்சு. தேடினேன், கிடைக்கல” என்ற ஆர்லன், கையிலிருந்த பையை மேசைமேல் கவிழ்த்தான். ராணுவம் கழித்துக்கட்டிய பித்தளைக் கூடுகள் கலகலவென்று உருண்டன.

“பதினோரு வருஷமாவா பனியில விழுது? இந்த மோன்டானா முழுக்க, சுட்ட கூட்டைப் பொறுக்காம வர்ற ஒரே ஆள் நீதான். வெளியில சொல்லிடாதே, மானம் போயிடும்.”

அவர்கள் இருவரின் விவாகரத்தின்போது நீதிபதி ரொம்ப நியாயமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். ஆர்லனின் அப்பா இரண்டாம் உலகப் போரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் துப்பாக்கி ஆர்லனுக்கு. தோட்டா செய்யும் பிரஸ்ஸும் அச்சுகளும் வெர்லாவின் அப்பா வாங்கியவை, அதனால் அவளுக்கு. அந்தத் துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா கிடைக்காது. அமெரிக்க ராணுவக் கூட்டை வெட்டி, அழுத்தி, உருமாற்றித்தான் செய்தாக வேண்டும். ஆகவே மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, வருடத்துக்கு ஒரு முறை, அவன் இந்தக் கொட்டகைக்கு வருவான்.

அந்தத் துப்பாக்கியில் ஏற்கெனவே சுட்ட கூடு என்றால் அரை மணி நேர வேலை. புதிதாக உருமாற்றுவதென்றால் முழு நாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி முந்நூற்று அறுபத்து நான்கு நாளையும் அவன் தள்ளினான். அதை அவளிடம் சொல்லத்தான் பாவம், துணிச்சல் இல்லை.

அவன் கூடுகளின் அடியில், பொறிமூடி கழலாமலிருக்க ராணுவக்காரன் அடித்திருந்த வளையத்தைச் சுரண்டிக் கொடுத்தான். அவள் அச்சில் வைத்து நெம்புகோலை இழுத்தாள்.

“மெதுவா சுரண்டு. கிணறா வெட்டற?”

“நீ மட்டும் என்ன, கதவை உடைக்கிற மாதிரி இழுக்கற.”

மதியம், காட்டுப்பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஹக்கிள்பெரி பை வந்தது. அவனுக்குப் பிடித்த மாதிரி ஓரம் முறுகலாக இருந்தது. அவன் வாயில் வைக்கும் நேரம் பார்த்து வெர்லா ஆரம்பித்தாள்.

“ஒரு சங்கதி கேள்விப்பட்டேன். டவுன் கடையில இந்தத் துப்பாக்கிக்கே தோட்டா வந்திருக்காம். பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்கானாம்.”

ஆர்லன் தட்டைக் கீழே வைத்தான். “கடைத் தோட்டாவா? அது நம்ம துப்பாக்கிக்கு ஒத்துவராது.”

“போட்டுப் பாத்தியா?”

“பாக்காமலே தெரியும்.”

“அடுத்த வருஷம் துப்பாக்கியை எடுத்துட்டு வா. கடையில வாங்கினது ஒண்ணு, நான் செஞ்சது ஒண்ணு, ரெண்டையும் போட்டுப் பாத்துடலாம். கடைத் தோட்டா ஒத்துவந்தா, நீ இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் பாரு.”

“துப்பாக்கி ரிப்பேர்ல இருக்கும்.”

“அடுத்த வருஷமா?”

“ஆமா. அடுத்த வருஷந்தான்.”

வெர்லா உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

“சரி, சரி. கடைக்காரனை நம்பி உன் துப்பாக்கியைக் கெடுத்துக்க வேண்டாம். நானே செஞ்சு தொலைக்கிறேன்.”

ஆர்லனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னொரு துண்டு பை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு கூடுகளின் கழுத்தைத் தீயில் காட்டித் தண்ணீரில் தட்டிவிட்டான். அவள் வெடிமருந்தை நிறுத்துப் போட்டாள். பொழுது சாய்வதற்குள் இருபது தோட்டாக்களும் பெட்டிக்குள் வரிசையாக நின்றன.

“கூட்டைப் பொறுக்கிட்டு வந்து சேரு!” அவனுடைய பிக்கப் வண்டி கிளம்பும்போது கத்தினாள் வெர்லா.

“கண்டிப்பா!” என்று கையசைத்தான் அவன்.

வண்டி கண்ணுக்கு மறைகிறவரை நின்றாள். பிறகு பிரஸ்ஸைத் துடைத்து மூடினாள். எண்ணெய்த் துணியோடு படுக்கையறைக்குப் போய், அலமாரியைத் திறந்து குளிர்காலக் கோட்டுகளை ஒதுக்கினாள்.

உள்ளே அந்த ஜப்பான் துப்பாக்கி சாய்ந்திருந்தது. விவாகரத்தான மாதமே, வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாமல் ஆர்லன் அதை ஏலத்தில் விற்றபோது, அவனுக்குத் தெரியாமல் ஆள் வைத்து எடுத்தவள் வெர்லாதான்.